பெயரில்லாத் தவுல்: பழைய நாயனத் தட்டில் கூட வாசித்தவர்களைத் தேடுவது

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் 10 அங்குல 78 ஆர்.பி.எம். தட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. லேபிளில் நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிப்பவர்) பெயரும் ராகமும் மட்டும் இருக்கின்றன. மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து ‘பார்ட்டி’ என்று ஒரே சொல். இரண்டாம் நாயனம் யார், தவுல் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டுப் பெரியவர் “நீடாமங்கலம்தான் தவுல்” என்கிறாரே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

பெரியவர் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) தம் காலத்துப் பெரிய நாயனக்காரர்கள் பலருக்கும் ஸ்பெஷல் தவுலாக (தனிச் சம்பளத்துக்குத் தனியே அழைக்கும் தவுல்காரராக) போனவர். அதனால் 1949க்கு முந்திய எந்தத் தட்டுக்கும் அவர் பெயர் பொருந்துகிற மாதிரிதான் தோன்றும். கை சுத்தமாக ஒரு தவுல் காதில் விழுந்ததும் அதை அவர் கணக்கில் எழுதிவிடுவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கிற தப்பு. இன்னார் என்று முதலிலேயே முடிவுகட்டாமல், யாரெல்லாம் இருந்திருக்க முடியாது என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மெதுவான வேலைதான், ஆனால் அதுதான் நிற்கும்.

அமெரிக்காவில் 1960களின் ராக் சிங்கிள் ஒன்றில் யார் கிட்டார் வாசித்தார் என்று சண்டை வந்தால், இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாளைத் தேடுவார்கள். ஸ்டுடியோவில் யார் எத்தனை மணி நேரம் வாசித்தார், என்ன கூலி என்று அதில் இருக்கும். நம் பெரிய மேளத்துக்கு, அதாவது நாயனமும் தவுலும் சேர்ந்த செட்டுக்கு, அப்படி ஒரு தாள் கிடையாது. கம்பெனி பேசியது நாயனக்காரரிடம். அவர்தான் தம் செட்டுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். கம்பெனிக் கணக்கில் தவுல்காரர் பெயர் ஏறவேண்டிய அவசியமே வரவில்லை. ஆகவே தேட வேண்டிய தடயங்கள் நான்கு: தட்டின் மேல் பொறித்திருப்பது, தட்டுக்குள் ஒலிப்பது, ஊரில் இருக்கும் காகிதம், பெரியவர்களின் காது. முன்னது சொல்வதைப் பின்னது மறுத்தால் முன்னதையே நம்புங்கள்.

கிடைத்த உற்சாகத்தில் சாவி கொடுக்கும் கிராமபோனில் வைத்து ஓட்டிவிடாதீர்கள். அந்த சவுண்டு பாக்ஸின் கனமும் இரும்பு ஊசியும் ஒவ்வொரு முறையும் காடியை (ஊசி ஓடும் பள்ளத்தை) கொஞ்சம் தின்றுவிடும். நமக்கு வேண்டிய தவுல் சொல்லின் (தவுலில் விழும் அடியின்) கூர்மைதான் முதலில் போகும். துடைக்க ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த எதையும் தொடக் கூடாது. தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு வாசனையில்லாத பாத்திர லிக்விட் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் காடி போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. டெல்டாவின் ஈரக்காற்றில் பரணில் கிடந்த தட்டில் பூஞ்சை நிச்சயம் இருக்கும். அது வெளுப்பாகப் படர்ந்திருந்தால் இரண்டு முறை கழுவலாம். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும்.

கழுவியதும் செய்யவேண்டியது படம் எடுப்பது. லேபிளை நேராக ஒரு படம். அதைவிட முக்கியம், பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான வளையம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அங்கே பொறித்த எண்ணும் எழுத்தும் தெரியும். லேபிளில் அச்சான கேட்டலாக் எண் கடைக்காரருக்கானது. வளையத்தில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான் ஒலிப்பதிவின் எண். எண்ணுக்குப் பின்னால் சின்னதாக 1, 2 என்று இருந்தால் அது எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது என்பதைக் காட்டும். தொடக்கக் காலத் தட்டுகளில் எண்ணை ஒட்டி வரும் எழுத்து, பதிவு செய்த என்ஜினீயரையும் தட்டின் அளவையும் குறித்தது.

இந்த எண்ணின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. ஒரே நாளில் ஒரே அறையில் எடுத்த பதிவுகளுக்கு எண்கள் வரிசையாக விழும். உங்கள் தட்டின் இரு பக்கமும் அடுத்தடுத்த எண்ணா என்று பாருங்கள். அடுத்தடுத்து இருந்தால் ஒரே அமர்வு, ஒரே ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் இரண்டு பக்கத்தையும் இரண்டு தனிக் கேள்வியாக நடத்த வேண்டும். முதல் பக்கத்துத் தவுல் மறுபக்கத்திலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிறகு, முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு எண்கள் எந்தத் தட்டில் வெளிவந்தன என்று தேடுங்கள். அதே நாயனக்காரரின் இன்னொரு தட்டு அந்த வரிசையில் இருந்து, அதன் லேபிளிலோ விளம்பரத்திலோ தவுல்காரர் பெயர் போட்டிருந்தால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக உறுதியான சான்று அதுதான். தனித் தவுல் வரும் பக்கம் ஒன்று வரிசையில் அகப்பட்டால் அதிர்ஷ்டம். அங்கே பெயர் போடாமல் விடுவது கம்பெனிக்கே கஷ்டம்.

ஒரே கேட்டலாக் எண்ணில் இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டின் வளையத்தையும் பாருங்கள். மறுபதிப்பில் வேறு டேக் போயிருக்கலாம். “என் தட்டில் இரண்டு தவுல் கேட்கிறது, உன் தட்டில் ஒன்றுதான்” என்று சேகரிப்பவர்கள் மோதிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறியையும் விடக் கூடாது. எச்.எம்.வி. தட்டில் சின்ன முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையில் மின்பதிவு, அதாவது மைக் வைத்துப் பதிந்தது. சதுரம் இருந்தால் அதற்குப் பின் வந்த ஈ.எம்.ஐ.யின் சொந்த முறை. கொலம்பியாவில் வட்டத்துக்குள் டபிள்யூ என்றால் முன்னது, வட்டத்துக்குள் சி என்றால் பின்னது. இரண்டு கம்பெனியும் 1931இல் ஈ.எம்.ஐ. ஆக இணைந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சதுரமும் வட்டத்துக்குள் சியும் உள்ள தட்டு அந்த வருஷத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் இருக்கும். குறியே இல்லாமல், ஒலியும் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தால் பெரும்பாலும் மைக் இல்லாமல் கொம்பு (ஒலியை வாங்கும் பெரிய குழாய்) வைத்துப் பதிந்த காலம், அதாவது 1920களின் நடுப்பகுதிக்கு முன். ஓடியன் லேபிள் என்றால் இன்னும் சுலபம். அந்தக் கம்பெனி இந்தியாவில் தட்டு வெளியிட்டது இரண்டு கட்டமாக, 1912 முதல் 1916 வரையும் 1932 முதல் 1938 வரையும். மின்பதிவாக ஒலித்தால் அது இரண்டாம் கட்டம். சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் வியாபாரம் செய்த காலம் அது.

தேதி இவ்வளவு தெரிந்தாலே பாதிப் பெயர் உதிர்ந்துவிடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) ஓடியன் தட்டு ஒன்றுக்கு இரண்டாம் நாயனம் காருகுறிச்சி அருணாசலம் என்று யாராவது எழுதினால், காருகுறிச்சியார் பிறந்தது 1921 என்று நினைவுபடுத்துங்கள். ஓடியன் கடை கட்டும்போது அவருக்குப் பதினேழு வயது. குருவும் சிஷ்யருமாக ஜனங்கள் மனசில் பதிந்த ஜோடி என்பதற்காகத் தட்டிலும் அந்த ஜோடியே இருக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: லேபிளின் நிறமும் அச்சும் தட்டு அச்சான காலத்தைக் காட்டும், வாசித்த காலத்தைக் காட்டாது. 1930களில் பதிந்ததை 1950களில் மறுபடி அச்சிட்டிருக்கலாம். கழித்தலுக்கு மேட்ரிக்ஸ் எண்ணின் காலத்தை மட்டும் எடுங்கள்.

அடுத்தது ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது. எல்.பி. ஊசி 0.7 மில் அளவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்). 78 தட்டின் அகலக் காடியில் அது அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலை மட்டும் பொறுக்கும். 3 மில் ஊசி வேண்டும். தேய்ந்த தட்டென்றால் 2.5, 3.5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். காடியின் தேயாத உயரத்தில் எது உட்காருகிறதோ அதில் தவுல் தெளியும். ஊசிப் பாரம் 4 முதல் 5 கிராம். டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிந்து, மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்காக்கலாம். சாதாரண போனோ பிரீஆம்ப் எல்.பி.க்கான ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாட்டைப் போட்டு மேல் ஒலியை அமுக்கிவிடும். 78 தட்டு அந்தக் கணக்கில் பதியப்பட்டதல்ல என்பதால், பிறகு ஆடாசிட்டி போன்றவற்றில் அதை நீக்கிவிட்டுக் கேளுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். இரைச்சல் நீக்கியைத் தொடாத ஒரு பிரதியைக் கட்டாயம் தனியாக வையுங்கள். அந்த நீக்கிக்குத் தட்டின் கீறலும் தவுலின் கூடு (விரலில் மாட்டும் உறை) அடியும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து வழித்துவிடும்.

இப்போது சுருதி. பழைய திமிரி நாயனம் நாலரை, ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) கத்தும். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் பரவிய பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இறங்கி நிற்கும். தட்டு எந்தக் கட்டையில் ஒலிக்கிறது என்பது சுற்றும் வேகத்தைப் பொறுத்தது என்பதால் இங்கே கணக்குப் போட வேண்டும். 78இல் சுற்ற வேண்டியதை 82.6இல் சுற்றினால் ஓர் அரைச்சுரம் ஏறும். கொம்புக் காலத்தில் 70 முதல் 82 வரை எந்த வேகத்திலும் பதிந்திருப்பார்கள். அத்தனையையும் 78இல் ஓட்டினால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அரைச்சுரம் தடுமாற்றம் வரும். இரண்டரைக் கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் தூரமே மூன்று அரைச்சுரம்தான். ஆகவே கொம்புக் காலத் தட்டில் திமிரியா பாரியா என்று சுருதியை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. மின்பதிவுத் தட்டு பெரும்பாலும் 78ஐ ஒட்டியே இருக்கும். அங்கே தைரியமாகச் சொல்லலாம். திமிரி என்று தெரிந்தால் பாரிக்கு மாறிவிட்ட செட்டுகள் பட்டியலிலிருந்து போகும். அதற்கு மேல் ஆள் பெயர் எதையும் சுருதி தராது.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காதாலேயே எண்ணலாம். கோயிலில் செட்டு என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவுல், ஒத்து (சுருதிக்கு மட்டும் ஊதும் குழல்), தாளம் என்று நிற்கும். ரயில் ஏறிச் சென்னைக்குப் பதிவுக்குப் போனபோது அத்தனை பேரும் போனார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஆலாபனையில் பின்னால் நிற்கும் ஷட்ஜத்தைக் கேளுங்கள். ஒத்துக்காரர் மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னக் காற்றைத் தள்ளுவார்; அதில் மூச்சு முறிவு வராது. சுருதிப் பெட்டி என்றால் துருத்தியின் ஏற்ற இறக்கம் லேசாகத் தெரியும். ஷட்ஜம் ஒரே சீராக நின்று, நடுநடுவே மூச்சுக்கு அறுந்து, சில சமயம் பஞ்சமத்துக்கும் போய்வந்தால் அது இரண்டாம் நாயனக்காரர் சுருதி பிடிப்பது. கிருதி தொடங்கியதும் நீண்ட கார்வைகளில் ஒலி அலையலையாகத் துடித்தால் இரண்டு குழல் சேர்ந்து ஊதுகிறது. இரண்டும் முழுக்க ஒரே சுருதியில் இல்லாததால் வரும் துடிப்பு அது. வேகமான பிருகா முடிந்து நியாச சுரத்தில் (வந்து நிற்கும் சுரத்தில்) மட்டும் ஒலி பெருத்தால் இரண்டாமவர் பிருகாவை விட்டுவிட்டு முடிவில் சேர்ந்துகொள்கிறார். பாட்டுப் பழகாத ஆள், அல்லது சிறு வயது. இது ஊகத்துக்கு உதவும், சான்றாகாது.

தவுலுக்கு வருவோம். வலந்தலையில் (வலப் பக்கத்தில்) கூடு போட்ட விரல்கள், தொப்பியில் (இடப் பக்கத்தில்) குச்சி. கொம்புப் பதிவு ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகப் பிடிக்கவில்லை, ஆகவே தொப்பி அநேகமாக இருக்காது. போதாததற்குத் தவுலின் சத்தம் ஊசியைத் தூக்கியடிக்கும் என்பதால் அதைக் கொம்பிலிருந்து தள்ளித்தான் உட்கார வைக்க முடியும். பாதித் தவுலைக் கேட்டுக்கொண்டு ‘இது இன்னார் பாணி’ என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை. மின்பதிவில் தொப்பி வரும். அங்கே மூன்று விஷயம் கவனியுங்கள்: தொப்பியின் சுருதி ஒன்றா இரண்டா (இரண்டானால் இரண்டு தவுல்), கிருதியின் சங்கதிகளுக்குத் தவுல் ஒதுங்கி வழிவிடுகிறதா அல்லது பிசகாமல் நடையை மட்டும் போடுகிறதா, முத்தாய்ப்பும் தீர்மானமும் (முடிக்கும் அடிக்கோவைகள்) எந்த அமைப்பில் விழுகின்றன. சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கிச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று சொச்சம் நிமிஷத்துக்குள் தவுலுக்கு நாலைந்து இடம்தான் கிடைக்கும், எழுதிவிடலாம்.

எழுதியதை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா? வழியைச் சொல்லலாம், ஆளைச் சொல்வது ரொம்பக் கடினம். குருகுலத்தில் வளர்ந்த சிஷ்யன் குருவின் தீர்மானத்தையே வாசிப்பான், வாசிக்க வேண்டும் என்பதுதான் மரபு. நீடாமங்கலத்தாரின் சொல்லை அவர் சிஷ்யர் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை வாசித்திருந்தால் அதில் அதிசயம் எதுவுமில்லை. நாயனத்திலும் அப்படியே. ரக்தி (நாயனத்துக்கே உரிய ஒரு வாசிப்பு வகை) வந்தால் செம்பொன்னார்கோயில் குடும்பத்து வழியை முதலில் நினைக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் எந்த அண்ணன் எந்தத் தம்பி என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

காகிதத்தில் முதலாவது, கம்பெனிகளின் மாதப் பட்டியல்களும் பத்திரிகை விளம்பரங்களும். லேபிளில் இடமில்லாமல் விட்ட பெயரை விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், விற்பனைக்காக. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளோடு இசைத்தட்டுச் சேகரிப்பும் இருக்கிறது. பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் ஓடியன் தட்டுகளை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள், பக்கத்து மேட்ரிக்ஸ் எண்களைத் தேட அது பெரிய வசதி. எச்.எம்.வி., கொலம்பியா என்றால் இங்கிலாந்தில் ஹேயஸில் உள்ள ஈ.எம்.ஐ. ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். எழுதும்போது மேட்ரிக்ஸ் எண்ணைக் கொடுங்கள். ‘தஞ்சாவூர் நாயனத் தட்டு’ என்று எழுதினால் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

திருச்சி வானொலி 1939 மே 16இல் தொடங்கியது. அதற்குப் பிந்திய தட்டு என்றால் ‘வானொலி’ இதழின் நிகழ்ச்சி நிரல்களைப் புரட்டுங்கள். அந்த மாதங்களில் செட்டில் யார் யார் என்று தெரிந்துவிடும். ரேடியோவில் வாசித்தவரே தட்டிலும் வாசித்தார் என்று ஆகாது. ஆனால் ஆட்களின் பட்டியல் நாலைந்தாகச் சுருங்கும். அதற்கு முந்தியது என்றால் கோயில் உற்சவ நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, முன்பண ரசீது. கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் கல்யாணக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கும். மேளத்துக்குக் கொடுத்தது என்ன என்ற வரியில் ‘ஸ்பெஷல் தவுல்’ தனிச் சம்பளமாக ஊர்ப் பெயரோடு வரும். தட்டின் தேதியை ஒட்டிய ஆறு மாதத்துக் காகிதம்தான் பயன். ஐந்து வருஷம் தள்ளிக் கிடைத்ததைச் சான்றாக ஒட்டினால் கதை மாறிவிடும், செட்டுகள் பெரும்பாலும் அவ்வளவு காலம் கலையாமல் இருந்ததில்லை.

பெயர் கிடைத்தால் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள். நடராஜசுந்தரம் பிள்ளை என்று மட்டும் ஒரு நோட்டீஸில் இருந்தால், கக்காயி நடராஜசுந்தரம் பிள்ளையா, திருவீழிமிழலைச் சகோதரர்களில் ஒருவரான நடராஜசுந்தரம் பிள்ளையா? சுப்பிரமணிய பிள்ளை என்றால் திருவீழிமிழலையா திருவெண்காடா? மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றதும் நீடாமங்கலம் என்று ஓடுபவர்களுக்குப் பந்தநல்லூரில் அதே பெயரில் ஒரு பெரிய நட்டுவனார் இருந்தது மறந்துபோகும். ஊர் மாறிக் குடியேறியவர்களுக்குப் பிறந்த ஊர், குருவின் ஊர், பிழைத்த ஊர் என்று மூன்று அடைமொழியும் புழங்கும். பி.எம். சுந்தரம் தொகுத்த கலைஞர் வரலாறுகளில் உறவுமுறையைச் சரிபார்த்துக்கொண்டு மேலே போங்கள்.

கடைசியாகப் பெரியவர்களிடம் போங்கள். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் மரியாதைக் குறைவு அல்ல. தேதியும் ஆள் எண்ணிக்கையும் கையில் இல்லாமல் போனால் நல்ல கேள்வி கேட்க முடியாது. தட்டையோ லேபிள் படத்தையோ காட்டாதீர்கள். முப்பது விநாடித் துண்டு ஒன்றை மட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கூடவே யார் வாசித்தது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு துண்டுகளையும் கலந்து போடுங்கள். அவற்றைச் சரியாகச் சொன்னவர் தெரியாத துண்டுக்குச் சொல்வதற்கு எடை அதிகம். “தாத்தா, இது நீடாமங்கலம்தானே?” என்று கேட்டால் ‘ஆமா’ என்றுதான் வரும், வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனசை ஏன் நோகடிப்பானேன் என்று. “மாமா, இது எந்த ஊர்க் கைன்னு தோணுது? உங்க அப்பா செட்டோட போன காலத்துல கூட யாரு யாரு போவாங்க?” என்று கேளுங்கள். பதிலில் ஆள் பெயரைவிடச் சம்பவத்தைப் பிடியுங்கள். ‘பட்டணத்துக்குத் தட்டு கொடுக்கப் போனப்போ எங்க பெரியப்பாவுக்குக் காய்ச்சல், வலங்கைமான்லேருந்து ஆள் வந்தாரு’ என்பது மாதிரி ஒரு வாக்கியம் பத்துப் பாராட்டுக்குச் சமம், ஏனென்றால் அதைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்கலாம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சொன்னால் அது மூன்று சாட்சி ஆகாது. தன் முப்பாட்டன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துபவர்களும் உண்டு. குறித்துக்கொண்டு, சொன்னவர் யாருக்கு என்ன முறை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

முடிவை எழுதும்போது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வரி போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எடை. நாயனம்: லேபிளில் உள்ளபடி, உறுதி. இரண்டாம் நாயனம்: ஒருவர் இருப்பது ஒலியில் உறுதி, பெயர் தெரியவில்லை. தவுல்: ஒருவர், அந்த வருஷ நோட்டீஸ்படி இன்னாராக இருக்கலாம். ஒத்து இல்லை, சுருதிப் பெட்டி. இப்படி எழுதினால் பின்னால் பக்கத்து மேட்ரிக்ஸ் எண் ஒன்று அகப்படும்போது ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு யூடியூபில் ஏற்றாதீர்கள். தலைப்பை நகலெடுப்பவர்கள் அந்தச் சொல்லை முதலில் வெட்டுவார்கள், ஆறு மாதத்தில் உங்கள் ஊகமே வேறு நாலு இடத்திலிருந்து சான்றாக உங்களிடம் திரும்பி வரும். பெயர் உறுதியாகும்வரை தலைப்பில் மேட்ரிக்ஸ் எண்ணும் நாயனக்காரர் பெயரும் போதும். தவுல் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று கீழே கேட்டு வையுங்கள்.